பட்டறை வாசல்: சென்சர் எங்கே நிற்க வேண்டும்?

ஐப்பசி மழை விழத் தொடங்கியதும் உரும்பிராயில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளின் முறைப்பாடுகளும் மாறிவிடும். "எஞ்சின் விளக்கு அணைவதில்லை", "பெற்றோலை இழுத்துத் தள்ளுகிறது", "காலையில் திணறுகிறது" என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள். இம்முறை ஆசிரியர் பீடம் அனுப்பிய கடிதக் கட்டிலும் அதே கதைதான். ஆறு கடிதங்கள் புகைக்குழாயில் பூட்டும் ஒட்சிசன் சென்சரைப் பற்றியவை. ஆகவே சங்கிலி, பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய பொருளால் எங்கள் பிள்ளைகள் வீணாக இழக்கும் பணத்தைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: ஐயா, என்னிடம் 150 சி.சி. இன்ஜெக்டர் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கம்பெனிச் சைலன்சர் கறள் பிடித்து ஓட்டை விழுந்ததால் பட்டறை ஒன்றில் புதிதாகக் குழாய் வளைத்து, இரண்டு துண்டாகச் செய்து பூட்டினார்கள். பழைய குழாயில் சென்சர் எஞ்சினுக்கு அருகே மேற்புறத்தில் இருந்தது. புதியதில் கால்மிதிக்குக் கீழே, குழாயின் அடிப்பக்கத்தில் துளை போட்டுப் பூட்டிவிட்டு, எட்டாத வயரை ஈயம் வைத்து நீட்டினார்கள். முன்பு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடியது. இப்போது 33 தான். பிளக் கரியாகிறது. மழைக்குப் பின் எஞ்சின் விளக்கும் எரிகிறது. சென்சர் பழுது என்றார்கள், மாற்றினேன். மூன்று வாரத்தில் மீண்டும் அதே நிலை. மூன்றாவது சென்சர் வாங்கவா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டாம் தம்பி. காசைக் கையில் வைத்திரும். அதே துளையில் மூன்றாவதைப் பூட்டினால் அதற்கும் இதே கதிதான் நேரும். பிழை உம்முடைய சென்சரில் தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. அதை வைத்த இடத்தில் மூன்று பிழைகளும், வயரில் ஒன்றும் இருக்கின்றன.

முதலில் அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்சரின் நுனியில் துளைகள் கொண்ட உலோக மூடி தெரியும். அதற்குள் விரலுறை போன்ற சிறு பீங்கான் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தின் வெளிப்புறம் புகையில் நனைகிறது, உட்புறத்துக்கு வெளிக்காற்று வருகிறது. இரண்டிலும் உள்ள ஒட்சிசனின் வேறுபாட்டுக்கு ஏற்ப அது ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. பெற்றோல் கூடிய கலவை எரிந்திருந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ற்று, காற்றுக் கூடிய கலவையென்றால் 0.1 வோல்ற்று அளவில் நிற்கும். எஞ்சினின் கணினிப் பெட்டி 0.45 வோல்ற்றை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, மேலே போனால் பெற்றோலைக் குறைக்கிறது, கீழே போனால் கூட்டுகிறது. ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கைச் சுற்றி இந்த இழுபறி ஓயாமல் நடக்கிறது. நுனியைத் தொட்டுப் போகும் புகை ஒன்றுதான் சென்சருக்குத் தெரியும். அந்தப் புகை எஞ்சினிலிருந்து வந்ததா, வழியில் எங்கோ காற்றுக் கலந்து வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்போது முதற்பிழைக்கு வருகிறேன். இரண்டு துண்டாகச் செய்த குழாய் என்று எழுதியிருக்கிறீர். ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிளிப் போட்டு இறுக்கும் அந்தப் பொருத்துக்குப் பின்னால்தான் கால்மிதி வரும். ஆகவே உமது சென்சர் பொருத்துக்குப் பின்னால் நிற்கிறது. புகை உள்ளிருந்து வெளியே தள்ளுவதால் பொருத்தில் கசிவு இருந்தாலும் புகை வெளியே போகுமே தவிரக் காற்று உள்ளே வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் வெறுமனே நின்று ஓடும்போது நிமிடத்துக்கு 1400 சுற்று என்று வையும். நான்கு அடிப்பு (போர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகை வெளியேறும். ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு முறைகூட இல்லை. ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் குழாய்க்குள் அமுக்கம் வெளியே உள்ளதைவிடத் தாழ்கிறது. அந்த இடைவெளியில் பொருத்தின் கசிவு வழியே காற்று உள்ளே இழுபடுகிறது. வெளிக்காற்றில் 21 சதவீதம் ஒட்சிசன். சரியாக எரிந்த புகையிலோ ஒரு சதவீதமும் இல்லை. ஆகவே ஒரு மிடறு காற்றுப் புகுந்தாலே கணக்குக் குழம்பிவிடும். "காற்றுக் கூடிவிட்டது" என்று சென்சர் சொல்ல, கணினி பெற்றோலைக் கூட்டுகிறது. கூட்டக் கூட்டக் கசிவும் நிற்கப்போவதில்லை. உம்முடைய 12 கிலோமீற்றர் போன வழியும் பிளக்கில் கரி படிந்த காரணமும் இதுதான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இன்ஜெக்டர் வண்டிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், பெற்றோல் அதிகம் போகிறது என்று ஒரு தபால்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். நான் சென்சரை மாற்றினேன். சரிவரவில்லை. இன்னொன்றை மாற்றினேன். அதுவும் சரிவரவில்லை. மூன்றாம் நாள் மாலை, வாசல் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி கையில் இருந்தபடியே, ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியின் அருகே குந்தினேன். குழாய் சிலிண்டரில் பொருந்தும் விளிம்பின் கீழ், ஊதுபத்திப் புகை நேரே மேலே போகாமல் ஓரிடத்தில் நடுங்கியது. உள்ளே இழுபட்டு, மறுகணம் வெளியே தள்ளப்பட்டு, திரும்பவும் இழுபட்டது. குழாயைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் உருக்கி ஒட்டிய (வெல்டிங்) இடத்தின் ஓரத்தில் ஒரு நெல்மணி நீளத்துக்கு வெடிப்பு. அதை ஒட்டி, பழைய சென்சரையே திரும்பப் பூட்டினேன். வண்டி சரியாகிவிட்டது. அந்த மனிதரிடம் இரண்டு சென்சருக்கும் வாங்கிய பணத்தை மறுநாள் வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து குழாயைச் சோதிக்காமல் நான் எந்தச் சென்சரையும் மாற்றியதில்லை.

ஊதுபத்தி முறையை நீர் செய்ய வேண்டாம். பெற்றோல் தாங்கிக்கு அருகே நெருப்பு ஆகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சரின் வால் துளையில் துணியைச் சுற்றி, சைக்கிள் பம்பாலோ காற்றுக் குழாயாலோ மெல்லக் காற்றடித்து, பொருத்துகளில் சவர்க்கார நீரைத் தடவிப் பாரும். குமிழி வரும் இடம் கசிவு. பல சமயம் அதுகூட வேண்டியதில்லை. கசியும் பொருத்தில் கரி ஒரு கறுப்பு நாக்குப் போல வெளியே நீண்டு படிந்திருக்கும்.

இரண்டாவது பிழை, சென்சரைக் குழாயின் அடியில் வைத்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் புகையோடு போகிறது. குளிர்ந்த குழாயில் அந்த ஆவி நீராகி அடியில் ஓடும். காலையில் சைலன்சர் வாலில் சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர். அது வழியில் உமது சென்சரின் மூடியை நிரப்பிவிட்டுத்தான் வருகிறது. சூடேறிய பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் என்னவாகும் என்று அடுப்படியில் நிற்கும் அம்மாவைக் கேளும். மயிரிழை வெடிப்பு விழும். அதோடு சென்சர் முடிந்தது. இரண்டாவது சென்சர் மூன்று வாரத்தில் போனதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். போதாததற்கு முன்சில்லு வாரி அடிக்கும் சேற்றுநீரும் நேரே அங்கேதான் படும். மாரி நாளில் மானிப்பாய் வீதியில் தேங்கும் வெள்ளத்தை நான் அறிவேன்.

குழாயைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தை மணிக்கூட்டு முகமாக நினைத்துக்கொள்ளும். சென்சர் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், நுனி கீழ்நோக்கி நிற்க வேண்டும். எந்த நிலையிலும் கிடைமட்டத்துக்கு மேலே 10 பாகையாவது சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் நீர் வழிந்து இறங்கும். நேரே 12 மணியில் வைத்தால் குழாயின் சூடு முழுவதும் மேலெழுந்து வயரின் றப்பர் முனையைத் தீய்க்கும். ஆகவே சற்றுச் சாய்வாக வைப்பதே நல்லது.

மூன்றாவது, தூரம். அந்தப் பீங்கான் 300 பாகை செல்சியஸுக்கு மேலே சூடேறினால்தான் பேசத் தொடங்கும். சிலிண்டரிலிருந்து தள்ளித் தள்ளி வைக்க வைக்கப் புகை ஆறிப்போகிறது. சென்சருக்குள் சூடேற்றும் கம்பி இருந்தால் ஓரளவு சமாளிக்கும், இல்லாவிட்டால் கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடும் குறுந்தூர ஓட்டத்தில் அது கண்விழிக்கவே மாட்டாது. அதற்காக உமது வண்டியில் வாயிலிலேயே ஒட்டிவைப்பதும் கூடாது. முழு வேகத்தில் அங்கே உள்ள வெப்பம் சென்சரின் ஆயுளைத் தின்றுவிடும். குழாயின் திறந்த வாலுக்கு அருகே வைத்தாலும் அங்கிருந்து பின்வாங்கும் வெளிக்காற்று ஏமாற்றும். பழைய கம்பெனிக் குழாயை எறியாமல் வைத்திருந்தால் அதை எடுத்து, விளிம்பிலிருந்து சென்சர் துளை வரை ஒரு நூலை வளைவோடு வைத்து அளந்து, அதே தூரத்தில் புதியதில் குறியும். அந்த எஞ்சினைச் செய்தவர்கள் பலமுறை சோதித்துத் தேர்ந்த இடம் அது. அதைவிட நல்ல இடத்தை நீரும் நானும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

சென்சரைத் திருகும் மரை வளையத்தைக் குழாயில் ஒட்டும்போது சென்சரைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் வெறும் வளையத்தை ஒட்டினால் சூட்டில் மரை நெளியும். பழுதான பழைய சென்சர் கைவசம் இருக்கிறதே, அதைத் திருகிவைத்து ஒட்டச் சொல்லும். மின் ஒட்டாக இருந்தால் குழாயை வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுபோவது உத்தமம். முடியாவிட்டால் பற்றரி வயரையாவது கழற்றிவிடும், கணினிப் பெட்டி தப்பும். வளையம் அதிக உயரமாகவும் இருக்கக் கூடாது. உயரமானால் சென்சரின் நுனி கிணற்றுக்குள் நிற்பதுபோல ஒதுங்கி நின்று, ஓடும் புகையைத் தொடாமல் தேங்கிய புகையை மட்டுமே மணந்துகொண்டிருக்கும்.

இனி வயர். கிண்ணத்தின் உள்ளே வெளிக்காற்று வர வேண்டும் என்றேன் அல்லவா? பல சென்சர்களில் அந்தக் காற்று வயரின் செம்பு இழைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஈயம் வைத்து உருக்கினால் அந்த வழி அடைபடும், கூடவே ஈயம் பிடிக்கப் பூசும் பசையின் ஆவியும் உள்ளே போகும். இணைப்புக்குள் கிறீஸ் அப்புவதும் அதே தீங்கைச் செய்யும். நீட்டத்தான் வேண்டுமென்றால் நசுக்கி இணைக்கும் முனைகளைப் பாவிக்கலாம். ஆனால் சென்சர் தன் பழைய இடத்துக்குப் போனால் நீட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

இவ்வளவும் செய்த பின்னும் சந்தேகம் இருந்தால், எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, இலக்க மல்ரிமீற்றரைச் சென்சரின் சமிக்ஞை வயரில் பிடித்துப் பாரும். நான்கு வயர் உள்ளவற்றில் பெரும்பாலும் இரண்டு வெள்ளை சூடேற்றிக்கு, கறுப்பு சமிக்ஞைக்கு, சாம்பல் நிறம் தரைக்கு. எண் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உமது கம்பெனிச் சைலன்சருக்குள் நச்சுப் புகையைத் துப்புரவாக்கும் ஊக்கி இருந்திருக்கும், வளைத்துச் செய்த குழாயில் அது இல்லை. பின்னால் வருகிறவர்களின் நெஞ்சுக்குள்தான் அந்தப் புகை போகிறது. வசதி வரும்போது சரியான சைலன்சரை வாங்கிப் பூட்டும்.

கேள்வி: என் ஸ்கூட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஒட்சிசன் சென்சர் என்று சொல்லி, கழற்றிவிட்டாலும் ஓடும் என்கிறார் திருத்துபவர். சைலன்சர் முழுக்கத் தேடியும் அப்படியொரு பொருளை நான் காணவில்லை. என்ன செய்ய?
– ஆசிரியை ஒருவர், சுன்னாகம்

பதில்: ரீச்சர், சில சிறிய எஞ்சின்களில் சென்சரைச் சிலிண்டர் தலையிலேயே, புகை வெளியேறும் வாயிலில் திருகிவைத்திருப்பார்கள். சூடு உடனே கிடைக்கும் இடம் என்பதால் சூடேற்றும் கம்பி இல்லாத ஒற்றை வயர்ச் சென்சரே அங்கே போதும். பக்க மூடியைக் கழற்றினால் தெரியும்.

கழற்றிவிட்டாலும் ஓடும் என்பது உண்மை. கணினி தன் மனப்பாடக் கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டும், அந்தக் கணக்கு எப்போதும் பெற்றோலைச் சற்றுக் கூடவே ஊற்றும். எரியாமல் மிஞ்சுவது சைலன்சருக்குள் உள்ள ஊக்கியில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். கழற்ற விடாதீர்கள். விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். நீண்ட சிமிட்டல் ஒன்றைப் பத்தாகவும் குறுகியதை ஒன்றாகவும் எண்ணிப் பழுதின் இலக்கத்தைச் சொல்லும் வண்டிகள் உண்டு. ஒற்றை வயர்ச் சென்சருக்கு அதன் உடம்பே தரை இணைப்பு. மரையில் கறள் பிடித்தாலே சமிக்ஞை குழம்பும். காரைநகர், வேலணைப் பக்கம் கடற்காற்றில் ஓடும் வண்டிகளில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். துப்புரவு செய்து பூட்டினாலே சரிவரக் கூடும்.

கேள்வி: உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். சென்சரின் மின்னழுத்தம் ஏன் மெல்ல மெல்ல மாறாமல் 14.7 என்ற இடத்தில் சட்டென்று பாய்கிறது?
– மாணவி, நல்லூர்

பதில்: பிள்ளை, இந்தக் கேள்வியைப் படித்து எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. உமது மின்னிரசாயனப் பாடத்தில் வரும் நேண்ஸ்ற் சமன்பாடுதான் விடை. பீங்கான் என்று நான் சொல்வது இற்றியம் ஒட்சைட்டுக் கலந்த சேர்க்கோனியம் ஈரொட்சைட்டு. சூடேறினால் ஒட்சைட்டு அயன்கள் அதனூடாக நகரும். இருபுறமும் பூசிய பிளாற்றினம் மின்வாய்கள். ஓர் ஒட்சிசன் மூலக்கூறுக்கு நான்கு இலத்திரன்கள். ஆகவே மின்னழுத்தம் RT/4F ஐ, இருபுற ஒட்சிசன் பகுதியமுக்கங்களின் விகிதத்தின் இயற்கை மடக்கையால் பெருக்க வருவது.

900 கெல்வினில் கணக்கிட்டுப் பாரும். புகையில் ஒரு சதவீதம் ஒட்சிசன் இருந்தால் விகிதம் 21, மின்னழுத்தம் 0.06 வோல்ற்று அளவில் வரும். பெற்றோல் கூடினாலோ, எஞ்சிய ஒட்சிசனைப் பிளாற்றினத்தின் மேற்பரப்பில் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் துடைத்துத் தின்றுவிடும். பகுதியமுக்கம் 10 இன் மறை 20 ஆம் அடுக்கு வளிமண்டலம் என்ற ஒழுங்குக்கு விழும். அதைப் போட்டால் 0.86 வருகிறது. கலவை மயிரிழை அளவு மாற, பகுதியமுக்கம் பதினெட்டுப் பத்தின் அடுக்குகள் சரிகிறது. அந்தப் பாய்ச்சல்தான் நீர் கேட்டது. வகுப்பில் ஆசிரியரிடம் இந்த எண்களைக் காட்டும்.

கேள்வி: இரட்டைச் சிலிண்டர் 250 சி.சி. வண்டிக்கு ஒரு சென்சர் போதுமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: இரண்டு குழாய்களும் சேர்ந்த பின், புகை நன்றாகக் கலந்த இடத்தில் ஒன்று போதும். சேரும் வாயிலேயே வைத்தால் ஒரு சிலிண்டரின் புகை மட்டும் உரசிப் போகும், மற்றதன் குறை தெரியாது. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு வைத்த வண்டிகளும் உண்டு. ஊக்கிக்குப் பின்னால் இன்னொன்று இருந்தால் அது ஊக்கியின் வேலையைக் கண்காணிக்க வைத்தது, முன்னால் உள்ளதோடு மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கறள் பிடித்து இறுகிய சென்சரைக் கழற்றும்போது மரை அறுந்துவிட்டது. இனிமேல் இப்படி நேராமல் இருக்க என்ன வழி?
– கராஜ் வைத்திருக்கும் தம்பி, சாவகச்சேரி

பதில்: முதல் நாளே கறள் இளக்கும் ஒயிலை மரையில் விட்டு வையும். மறுநாள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது திருகும். வயர் நுழைய வெட்டுள்ள சொக்கற்றைப் பாவித்தால் பிடி வழுக்காது. சிறிய வண்டிகளில் 12 மில்லிமீற்றர் மரை, பெரியவற்றில் 18. பூட்டும்போது சூடு தாங்கும் உலோகப் பசையை மரையில் மட்டும் ஒரு பூச்சுப் பூசும், நுனியில் ஒரு துளியும் படக் கூடாது. சிலிக்கன் பசையைக் குழாய்ப் பொருத்துகளில் அப்புகிறார்களே, அதை உமது கராஜில் நிறுத்திவிடும். அதன் ஆவி பீங்கானில் கண்ணாடிப் படலமாகப் படிந்து சென்சரைக் குருடாக்கும். மரையில் வெள்ளை ரேப் சுற்றுவதும் வேண்டாம். அறுந்த மரைக்கு உட்செருகு மரை போடலாம், அல்லது வளையத்தை அறுத்துப் புதிதாக ஒட்டலாம். இரண்டாவதே நிலைக்கும்.

கேள்வி: நான் 74 வயதுக்காரன். என்னுடைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் இன்றும் ஓடுகிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலேயே அதை ஓட்டினோம். சென்சரும் இல்லை, கணினியும் இல்லை. இப்போது மட்டும் ஏன் இந்தப் பாடு? இப்போது பெற்றோல் சற்று அதிகம் போகிறது. இதற்கும் ஒரு சென்சர் பூட்டலாமா?
– முதியவர், பருத்தித்துறை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மண்ணெண்ணெய் மணத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சிறு போத்தலில் பொக்கிசம் போல வைத்திருந்த பெற்றோலைச் சில துளி காபரேட்டரில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறையில் நானும் ஒருவன். வீதி முழுவதும் அந்த வெண்புகை. என் பள்ளிச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்ட பின்னும் அந்த மணம் போகாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு வல்லை வெளியைக் கடந்தவர்களுக்கு அந்தப் புகை உயிர் காத்தது. ஆனால் அதைச் சுவாசித்தவர்களும் நாங்கள்தான்.

இந்தச் சென்சர் முதன்முதலில் 1976 இல் வொல்வோ கார் ஒன்றில் பூட்டப்பட்டது, செய்தவர்கள் பொஷ் நிறுவனத்தினர். புகையைத் துப்புரவாக்கும் மும்முனை ஊக்கி, கலவை 14.7 ஐ ஒட்டி நின்றால்தான் காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டுகள் மூன்றையும் ஒருசேர அழிக்கும். அந்த ஒடுங்கிய வரம்பில் கலவையைப் பிடித்துவைக்க ஒரு காவலாள் வேண்டியிருந்தது. எங்கள் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றது. ஈயம் இருந்திருந்தால் ஊக்கியும் சென்சரும் விரைவிலேயே நஞ்சேறிச் செத்திருக்கும். நீங்களும் நானும் பிளக்கைக் கழற்றி, செங்கல் நிறமா கரி நிறமா என்று வெயிலில் திருப்பிப் பார்த்துச் செய்த வேலையைத்தான் இன்று அந்தப் பீங்கான் ஓயாமல் செய்கிறது.

உங்கள் காபரேட்டர் சென்சர் சொல்வதைக் கேட்டு நடக்காது, ஆகவே நிரந்தரமாகப் பூட்டிப் பயனில்லை. ஆனால் ஒருமுறை அளந்து பார்க்கலாம். நான் இரண்டு மூன்று எம்.டி. 90 வண்டிகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். சிலிண்டரிலிருந்து குழாய் கீழே இறங்கிப் பின்னால் வளையும் இடத்தைத் தாண்டியதும், மேற்புறத்தில், கால்மிதிக் கம்பியில் இடியாதபடி வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து ஒரு மரை வளையத்தை ஒட்டுவேன். கலவையை எண்ணாகக் காட்டும் அகன்ற வீச்சுச் சென்சரை அதில் திருகி, பருத்தித்துறை வீதியில் ஓட்டிப் பார்த்தால் காபரேட்டரின் ஊசி தேய்ந்திருக்கிறதா, பெற்றோல் வரும் ஜெற் துளை பெருத்திருக்கிறதா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். பெற்றோல் அதிகம் போகிறது என்கிறீர்கள், எனக்கென்னவோ ஊசியில்தான் சந்தேகம். வரும்போது பழைய ஊசி ஏதும் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் துளைக்கு 18 மில்லிமீற்றர் இரும்பு மூடி ஒன்றைச் செம்பு வாசரோடு இறுக்கி அனுப்பிவிடுகிறேன்.